மேல் லீகுக்கு ஏறும் பெண்கள் கால்பந்து கிளப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து இந்தியன் விமன்ஸ் லீக் (ஐ.டபிள்யூ.எல்.) கோப்பையைத் தூக்கியது. அதற்குப் பிறகு நம் பக்கம் பெண்கள் கிளப் ஆரம்பிக்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் அந்தக் கோப்பைதான் தெரிகிறது. கல்லூரித் தாளாளர், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், முன்னாள் வீராங்கனை, மகளுக்காகவே கிளப் நடத்த வந்த அப்பா என்று பலரும் யோசனை கேட்டு வருகிறார்கள். மாநில லீக், அங்கிருந்து இரண்டாம் நிலை லீகான ஐ.டபிள்யூ.எல். 2, அதையும் தாண்டினால் ஐ.டபிள்யூ.எல். என்று படிகள் எல்லோருக்கும் தெரிகின்றன. "எத்தனை வருஷத்துல ஏறலாம்க்கா?" என்பதுதான் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி.

அணி மேலாளராகப் பல வருடம் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள் எதுவும் புதிதாக இல்லை. எங்கள் தலைமுறை செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். மாற்று ஜெர்சி எடுக்காமல் போவது, ஷின் கார்டை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ரெஃபரி ஒரு தடவை வெளியே நிறுத்தினால் அது சரியாகிவிடும். கிளப்பையே முடக்கிப் போடுகிறவை வேறு.

மூன்று வாரத்துக்கு ஆள் பிடித்து மேலே ஏறுவது

இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மாநில லீகை நம் பிள்ளைகளே ஆடி ஜெயித்திருப்பார்கள். அடுத்த கட்டத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரத்தில் நிர்வாகத்தில் ஒருவர் பயந்துவிடுவார். "இந்தப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அங்க போனா ஏழு, எட்டுன்னு வாங்கிட்டு வருவோம்." உடனே ஃபோன் பறக்கும். மணிப்பூரில் இரண்டு பேர், ஹரியானாவில் ஒருத்தி, வங்காளத்தில் ஒருத்தி, வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் கிடைத்தால் இன்னும் நல்லது. போட்டிக்கு நாலைந்து நாள் முன்னால் வந்து இறங்குவார்கள். மாநில லீகை ஜெயித்துக் கொடுத்த பிள்ளைகள் பெஞ்சுக்குப் போவார்கள். அணி ஏறியும்விடும்! மாலை, பட்டாசு, பத்திரிகையில் படம். மறுநாள் வெளி ஆட்கள் ரயில் ஏறிவிடுவார்கள். அடுத்த சீசனுக்கான பட்டியலை எடுத்துப் பார்த்தால், நம்மை ஏற்றிவிட்ட அணியே அதில் இருக்காது.

ஒரு காலத்தில் இது செல்லுபடியானது என்பதுதான் சிக்கலே. 2017 தொடக்கத்தில் டெல்லியில் நடந்த முதல் ஐ.டபிள்யூ.எல். இறுதிச் சுற்றிலிருந்து 2023இல் அகமதாபாத்தில் நடந்தது வரை, எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர் எல்லாம் அப்படி நடந்தவைதான். மூன்று வாரமோ ஆறு வாரமோ ஒரு அணியைக் கட்டி நிறுத்தினால் போதும். 2023-24 சீசனில் ஏழு அணிகளோடு, சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் லீகாக அது மாறியது. டிசம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை போனது. கல்யாணத்துக்குப் போட்ட பந்தலில் மழைக்காலம் முழுக்கக் குடியிருக்க முடியாது. வெளி ஆளுக்கு மூன்று வாரச் சம்பளம் கொடுக்க முடிந்த கிளப், நான்கு மாதச் சம்பளம், தங்குமிடம், விமான டிக்கெட் என்று வரும்போது கையைப் பிசைகிறது. போட்டியின் வடிவம் மாறியது, ஆனால் ஆள் பிடிக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிளப்பில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோல்கீப்பர் எங்கள் ஹாஸ்டல் பெண். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு ஸ்டாப்பர்களும் (நடுத் தடுப்பாட்டக்காரர்கள்) அந்த வாரம் வந்து இறங்கியவர்கள், தனித்தனியாகப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளைவிடத் திறமைசாலிகள். இரண்டாம் பாதியில் இடது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ் வந்தது. கீப்பர் முன்னால் வந்து "விடு, விடு!" என்று கத்தினாள். மாநில லீகில் அந்தக் குரல் கேட்டதும் எங்கள் ஸ்டாப்பர் தலையைக் குனிந்து வழிவிடுவாள். புதிதாக வந்த ஸ்டாப்பருக்கோ அது வெறும் சத்தம். குதித்துத் தலையால் தட்டினாள். கீப்பரின் விரலில் பட வேண்டிய பந்து விலகி, எதிரணி வீராங்கனையின் காலடியில் விழுந்தது. கோல். அந்த ஸ்டாப்பர் கீப்பரைத் திட்டினாள், கீப்பர் அழுதாள், நடுவில் நின்று மொழிபெயர்க்க ஆளில்லை. பெஞ்சில் பிப் போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் பழைய ஸ்டாப்பர் மட்டும் எழுந்து நின்று "அவ விடச் சொன்னா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் அந்தப் போட்டி முழுக்க ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. சீசன் முடிந்து ஊருக்குப் போனவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திரும்ப அழைத்தபோது அவள் அம்மாதான் பேசினார். "அங்க வந்தும் சும்மாதான உக்காந்திருந்தா, இங்க மாசமானா சம்பளம் வருது மேடம்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. 12 வயதிலிருந்து கிரவுண்டுக்கு வந்து, தினமும் காலையில் ஓடி, பத்து வருடமாக வளர்ந்த ஒரு ஸ்டாப்பரை மூன்று வாரத்துக்காக இழந்தோம். அவளோடு அதே ஊரிலிருந்து வந்த இன்னும் இரண்டு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அக்காவுக்கே வாய்ப்பில்லை என்றால் நமக்கு எங்கே என்றுதான் சின்னவர்கள் நினைப்பார்கள். இன்றைக்கும் இந்த ஒரு விஷயம் எனக்கு ஆறவில்லை. புதிய கிளப் ஒன்று ஏறிவிட்டது என்று செய்தி வந்தால், ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டியலில் எத்தனை உள்ளூர்ப் பெயர் என்றுதான் பார்க்கிறேன்.

பணக் கணக்கும் இதே கதைதான். வெளி ஸ்ட்ரைக்கர் ஒருத்திக்கு அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செலவழித்த தொகையில், ஹாஸ்டலில் இரண்டு பிள்ளைகளுக்கு வருடம் முழுக்க முட்டையும் கறியுமாகச் சாப்பாடு போட்டிருக்கலாம்.

வெளி ஆளே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேதுவையே எடுத்துக்கொள்ளுங்கள். லூதியானாவில் கோப்பை வென்ற அணியில் நேபாள ஸ்ட்ரைக்கர் சபித்ரா பண்டாரி இருந்தார், கோல்களைக் குவித்தார். அடுத்த சீசனில் அவர் கோகுலம் கேரளா என்ற கிளப்புக்குப் போனார். பெங்களூரில் கோகுலம் இறுதிப் போட்டியில் மணிப்பூர் அணியான கிரிப்சாவை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்தது. ஒரு ஸ்ட்ரைக்கரை மட்டும் நம்பியிருந்த கிளப் என்றால் அதோடு காணாமல் போயிருக்கும். சேது போகவில்லை. 2022 மே மாதம் புவனேஸ்வரில் கடைசி நாள் ஆட்டம் வரை பட்டத்துக்கு மோதி, கோகுலத்திடம் 3-1 என்று தோற்றது. மாறி மாறி ஆடும் லீக் வந்தபோது ஏழு அணிகளில் ஒன்றாக அதுவும் நின்றது.

ஏன் நின்றது என்றால் அடியில் ஆள் இருந்தது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாக சீனியர் தேசிய சாம்பியன் ஆனது நினைவிருக்கும். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கடலூர், பண்ருட்டி பக்கத்து மைதானங்களிலும் கல்லூரி அணிகளிலும் பல வருடம் சேர்ந்து ஆடியவர்கள். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்கள் சேது சட்டையிலும் ஆடினார்கள். பண்டாரிக்குப் பந்து போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட பிள்ளைகள் சுற்றி இருந்ததால்தான்.

என் அளவுகோல் இது: கீப்பர், இரண்டு ஸ்டாப்பர், நடு மிட்ஃபீல்டு இந்த நான்கு இடங்களில் குறைந்தது மூன்றிலாவது உங்கள் சொந்தப் பிள்ளைகள் இருக்கட்டும். வெளி ஆளை ஸ்ட்ரைக்கருக்கோ விங்குக்கோ எடுங்கள், அங்கே தனித்திறமையே பாதி வேலையை முடித்துவிடும். எடுப்பவர் போட்டிக்கு வரக் கூடாது, கேம்ப்புக்கு வர வேண்டும். ஒரு மாதமாவது நம் பிள்ளைகளோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, "விடு", "திரும்பு", "ஆள் பின்னாடி" என்ற மூன்று வார்த்தைகளையாவது கற்றுக்கொண்ட பிறகு களத்தில் இறக்குங்கள். இதற்கெல்லாம் பணம் இல்லை என்றால் ஒரு வருடம் பொறுங்கள். மாநில லீகில் இரண்டாம் முறை ஜெயித்துவிட்டுப் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

வாய்ச்சொல்லில் ஒப்பந்தம்

"நம்ம பொண்ணுதானே, எங்க போயிடப் போறா?" என்பார்கள். போவாள். நல்ல சம்பளம் வந்தால் போகத்தான் வேண்டும், அவள் வாழ்க்கை அது. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், வளர்த்த கிளப்புக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. ஆண்கள் கால்பந்தில் பையனைச் சிறுவயதிலிருந்து வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு என்று ஒரு தொகை ஃபிஃபா விதிப்படி உண்டு. பெண்கள் கால்பந்துக்கு அது பொருந்தாது என்று அதே விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஆண்கள் அணி நடத்திப் பழகிய நிர்வாகிகள் பலருக்கு இது தெரிவதில்லை. உங்களிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு, தேதியும் தொகையும் போட்டுக் கையெழுத்தான ஒப்பந்தம்தான்.

18 வயதுக்குக் கீழே என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போடக் கூடாது. பெற்றோரை எதிரில் உட்கார வைத்து, தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணமான வீராங்கனை இருந்தால் பேறுகால விடுப்பையும் எழுதிவிடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து ஃபிஃபா விதிப்படி குறைந்தது 14 வாரம், அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பிறகு, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு கிளப்பில் இதை நான் எடுத்துச் சொன்னபோது, "கர்ப்பமானா வீட்டுக்குத்தான போகணும்?" என்று கேட்டார்கள். அந்த எண்ணத்தோடு பெண்கள் அணி நடத்த வேண்டாம்.

செலவுக் கணக்கு போடும்போது இதையும் வையுங்கள். ஐ.டபிள்யூ.எல். கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) 2023இல் முடிவெடுத்தது. சம்பளம் மட்டுமே 32 லட்சம். பயணம், தங்கும் செலவு, மருத்துவம் எல்லாம் அதற்கு மேல்.

மூச்சு வாங்கினால் சோம்பேறி என்று சொல்வது

அறுபதாவது நிமிடத்துக்கு மேல் ஒரு பெண் நடக்க ஆரம்பித்தால், கோச் வெளியிலிருந்து கத்துவார். நானும் பல வருடம் கேட்டிருக்கிறேன். அவளுடைய ஹீமோகுளோபினைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் வேறு உலகத்திலிருந்து வரவில்லை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றாலே குறைவுதான். அதோடு தொண்ணூறு நிமிடம் ஓடச் சொல்கிறோம்.

சீசனுக்கு முன்னால் ஒரு முறை, நடுவில் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். மாத்திரை கொடுப்பதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். நம் வேலை சாப்பாடு. கீரை, முட்டை, ஈரல், கேழ்வரகு எல்லாம் இருந்தும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. மெஸ்ஸில் டீ நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். செலவே இல்லாத காரியம் இது. அதைவிட முக்கியம், மாதவிடாய் அதிகமாகப் போகிற பிள்ளை அதை வெட்கப்படாமல் சொல்வதற்கு அணியில் ஒரு பெண்ணாவது பொறுப்பில் இருக்க வேண்டும். சாரிடம் போய்ச் சொல்ல மாட்டாள்.

இரண்டாவது கீப்பர் இல்லாமல் கிளம்புவது

வேண்டாம். ஸ்ட்ரைக்கருக்குக் கையுறை மாட்டிவிட்ட ஆட்டங்கள் எப்படி முடிந்தன என்று எல்லோருக்கும் தெரியும்.

பரீட்சையையும் டியூட்டியையும் மறந்து அட்டவணை போடுவது

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து பாதிக்கு மேல் கல்லூரிகளில்தான் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், இலவச ஹாஸ்டல், அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட வேண்டும். உங்கள் லீக் ஆட்டமும் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் அவள் கல்லூரிக்குத்தான் போவாள். சாப்பாடு போடுவது அவர்கள். செமஸ்டர் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும், பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். சீசன் தேதி அறிவித்த அன்றே துறைத்தலைவருக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் போய்விட வேண்டும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு பிரின்சிபால் அறை வாசலில் நிற்பதில் பயனில்லை.

வேலையில் இருப்பவர்கள் கதை இன்னொன்று. போலீஸ், ரயில்வே என்று பலர் பணியில் இருக்கிறார்கள். இந்திய அணிக்கே ஆடிய இந்துமதி 2020 ஊரடங்கில் சென்னையில் சப்-இன்ஸ்பெக்டராகத் தெருவில் நின்று டியூட்டி பார்த்தார். தேர்தல், திருவிழா பந்தோபஸ்து வந்தால் அனுமதி கிடைக்காது. அப்படிப்பட்ட வீராங்கனை அணியில் இருந்தால், அதே இடத்தில் ஆட இன்னொருத்தியைத் தயாராக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

மைதானம் கிடைத்துவிடும் என்று நம்புவது

மேல் லீக் மாறி மாறி ஆடும் வடிவத்தில் நடந்தால் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடத்திக் காட்ட வேண்டும். மாவட்ட விளையாட்டரங்கம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. தடகளப் போட்டி, பள்ளிகளுக்கான போட்டி, அரசு விழா எல்லாம் அங்கேதான். சீசன் ஜனவரியில் ஓடும்போது, மூன்றாம் வாரம் குடியரசு தின ஒத்திகைக்கு மைதானம் போய்விட்டால் எங்கே ஆடுவீர்கள்? கோல் போஸ்டைக் கழற்றிப் பந்தல் போட்டுவிடுவார்கள். பக்கத்து மாவட்டத்திலோ கல்லூரியிலோ இரண்டாவது மைதானத்துக்கு இப்போதே கடிதம் வாங்கி வையுங்கள். கதவுள்ள உடை மாற்றும் அறை இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆண்கள் பயிற்சி முடிந்த பிறகு பெண்களுக்கு மைதானம்

அதாவது இருட்டில். செய்யாதீர்கள்.

காகிதம்

சி.ஆர்.எஸ். என்ற, சம்மேளனத்தின் ஆன்லைன் வீரர் பதிவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல் என்றால் அதைச் சரி செய்யவே வாரக்கணக்கில் ஆகும். பழைய கிளப்பின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் யாரையும் ஊரிலிருந்து கிளப்பாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அடி விழலாம் என்பதற்கு கோகுலம் பிள்ளைகள் சாட்சி. 2022 ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஃபிஃபா ஏ.ஐ.எஃப்.எஃப்.பை இடைநீக்கம் செய்தது. ஆடாமலே திரும்பினார்கள். ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியபோது அவர்களுடைய வாய்ப்பு போய்விட்டிருந்தது. கிளப் செய்த தவறு அதில் எதுவும் இல்லை. இருந்தாலும் சம்மேளனத்தில் வழக்கு, தேர்தல் என்று செய்தி வந்தால் நிர்வாகத்தில் ஒருவராவது அதைத் தொடர்ந்து படிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டும்போது, ரத்தானால் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டுக் கட்டுங்கள்.

ஏறிய மறுநாள் வெளி ஆளுக்கு ஃபோன் போடுவது

பாராட்டு விழா முடிந்த வாரத்திலேயே பட்டியலை எடுத்துவைத்து, மேலே கொண்டுவந்த சொந்தப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். யாருக்குப் படிப்பு முடிகிறது, யாருக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் முழங்கால் வலி இருந்தும் சொல்லாமல் ஆடினாள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். தங்கப் போகிறவர்களுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டு, தொகையைக் கூட்டி, கையெழுத்து வாங்குங்கள். முழங்கால் வலி என்றவளுக்கு ஸ்கேன் எடுங்கள். எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்று அப்போதுதான் தெரியும். வெளியே ஆள் தேடுவது அதற்குப் பிறகு. பதிவுக்கான கடைசித் தேதி வரை நேரம் இருக்கிறது.